தட்டில் கிடந்த ஸ்பூன்

அந்த ஸ்பூனை மட்டும் எடுத்து மறைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று எமரன்சி நூறாவது தடவையாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதிவிட்டார்கள், பின்பாதி ஆட்டம் தொடங்கிவிட்டது, தருவை மைதானத்துக் காலரி மொத்தமும் எழுந்து நின்று கத்தியது, அவளும் எழுந்தாள், வாயைத் திறந்தாள், சத்தம்தான் வரவில்லை. நல்லாத்தான் இருக்கிறது, காலையில் திறக்கக்கூடாத நேரத்தில் திறந்த வாய் இப்போது திறக்கவேண்டிய நேரத்தில் மக்கர் பண்ணுகிறது. பக்கத்தில் புருஷன் லயனல், ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓட்டிக் காது பாதி மந்தமாகிப்போன மனுஷன், கழுத்தில் நீலத்துண்டைப் போட்டுக்கொண்டு, "என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்க? கத்து!" என்றார். "தொண்டை கட்டிருக்கு" என்றாள். "உனக்கா?" என்று அவர் சிரித்துவிட்டு மைதானத்தைப் பார்க்கத் திரும்பினார். சிரிக்கட்டும், தெரிந்தால் சிரிப்பாரா? இன்றைக்கு கோல் எதுவும் விழாமல் டிரா ஆனாலே போதும், கொற்கை எஃப்.சி. லீக்கில் நிலைத்துவிடும். தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்கவேண்டும், இறங்கினால் டீமைத் தூத்துக்குடியிலிருந்து எடுத்து வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று டீம் முதலாளிகள் பேப்பர்க்காரர்களிடமே சொல்லியாகிவிட்டது. அதனால் ஊரே மாதாவையும் சிவனையும் அவுலியாவையும் ஒருசேரக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அந்த ஊரைக் காட்டிக்கொடுத்தவளோ பதினோராம் வரிசையில் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். நம்முடைய கீப்பர் இளமாறனுக்கு வலது தோள் தூக்கவே முடியவில்லை என்ற ரகசியத்தை, கோச்சுக்கே தெரியாத ரகசியத்தை, இன்றைக்கு எதிரே ஆடுகிற கொல்லம் டீமில் கோல் அடிக்கிறவனிடமே போய்ச் சொன்னவள். வேறு ஆளே கிடைக்கவில்லையா உனக்கு, தெருவில் போகிற நாய்க்குச் சொல்லியிருக்கலாமே என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஆனால் அவனை எப்படி வேறு ஆள் என்று நினைப்பது, அதுதானே விஷயம். முவானா. லால்முவான்புயா என்று முழுப் பேரைச் சொல்ல அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது, மிசோரம் எங்கே இருக்கிறது என்று மகளுடைய பழைய அட்லஸை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த டீம் தொடங்கியபோது ஆட்டக்காரர்களுக்கு ஒரு மெஸ்கூடக் கிடையாது, லாட்ஜ் சாப்பாட்டில் பாதிப் பேருக்கு வயிறு கெட்டுப்போய் முதல் இரண்டு ஆட்டமும் கோவிந்தா. அப்போதுதான் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி ஆளுக்கொரு வீடு என்று முடிவு செய்தார்கள். சீசன் தொடங்கும்போது பனையோலைக் கடகத்தில் வீட்டுக்காரர்கள் பேரை எழுதிப் போடுவார்கள், ஆட்டக்காரன் வந்து ஒரு சீட்டு எடுப்பான், யார் பேர் வந்ததோ அதுதான் அவனுக்குச் சாப்பாட்டு வீடு. சொந்த ஊரில் ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் பகல் சாப்பாடு அங்கேதான். எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்தக் கோயில் என்றெல்லாம் கடகம் பார்ப்பதில்லை. செனகல் நாட்டிலிருந்து வந்த ஆறடி டிஃபெண்டருக்கு டூவிபுரத்தில் முட்டைகூடச் சேர்க்காத டீச்சர் வீடு விழுந்து, அவன் அந்த சீசன் முழுக்க வத்தக்குழம்பு சாப்பிட்டே எதிராளிகளை மிதித்தான். வந்தவனுக்குப் புது எவர்சில்வர் தட்டு வாங்கி, பாத்திரக்கடையில் அவன் பேரை வெட்டிவைக்கவேண்டும், அவன் டீமை விட்டுப் போனாலும் அந்தத் தட்டு வேறு யாருக்கும் கிடையாது. இன்னும் இரண்டு சட்டம் உண்டு. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பந்து விஷயம் பேசக்கூடாது, சாப்பிடுகிற பிள்ளைக்குச் சோறு இறங்காது. ஆட்டம் முடிகிறவரைக்கும் அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவக்கூடாது, கழுவினால் அதிர்ஷ்டமும் கழுவிக்கொண்டு போய்விடுமாம். இதையெல்லாம் யார் ஆரம்பித்தார்களோ, இன்றைக்குக் காலைவரை எமரன்சி ஒரு நாளும் மீறியதில்லை, அடுத்த வீட்டு ஜசிந்தா ஒரு தடவை மறந்துபோய்த் தட்டைக் கழுவி நம்ம ஆட்கள் மூன்று கோல் வாங்கியபோது வாசலில் நின்றே அவளைக் கிழித்தவள் எமரன்சி. மகள் கல்யாணமாகி தோஹாவுக்குப் போன வருஷம் அது. வீட்டில் மிக்ஸி சத்தம் நின்றால் வேறு சத்தம் இல்லை. அப்போதுதான் முவானா கடகத்தில் கைவிட்டு லயனல் பேரை எடுத்தான், குட்டையாக, கன்னமெல்லாம் சிவந்து, செருப்பை வாசலில் நேராக அடுக்கிவைத்துவிட்டு உள்ளே வந்து மகள் உட்காருகிற நாற்காலியிலேயே உட்கார்ந்தான். தேங்காய் சேர்த்தது எதுவும் இறங்கவில்லை, முகத்தைச் சுளிக்காமல் விழுங்கிக் கண்ணில் தண்ணீர் நிற்கும். மூன்றாவது ஆட்டத்தன்று வேறு வழியில்லாமல் சாளைக் கருவாட்டை வறுத்து வைத்தாள், அவன் மோந்து பார்த்துவிட்டு அப்படியே அழுதுவிட்டான், எங்க வீட்டிலும் மீனைக் காயவைத்து இப்படித்தான் என்று கையாலேயே சொன்னான். அன்றைக்கு இரண்டு கோல். அதிலிருந்து ஐந்து வருஷம் இந்த வீட்டில் கருவாடு தீர்ந்ததே இல்லை. போன வருஷம் கொல்லம் டீம் அவனைக் கேட்டது, வீட்டில் தங்கச்சி நர்சிங் படிக்கிறாள், போய்த்தான் ஆகவேண்டும், போகும்போது "சித்தி, என் தட்டு?" என்று கேட்டான், "அது எங்க போவுது, அலமாரியிலதான இருக்கும்" என்றாள். அலமாரியில்தான் இருந்தது. இன்றைக்குக் காலையில்தான் அது கீழே இறங்கியது.

"ஏ, அடிச்சிராத, அடிச்சிராத!" என்று லயனல் குதித்தார், பந்து முவானாவின் காலில் இருந்தது, சிவப்புச் சட்டை, முதுகில் பதினேழு, எமரன்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள், திறந்தபோது பந்து எங்கேயோ கோட்டுக்கு வெளியே கிடந்தது. மூச்சு வந்தது. இப்படி எத்தனை தடவை மூட முடியும், இன்னும் முக்கால் மணி நேரம். காலையில் பத்து மணிக்கு இளமாறன் வந்தான், நெய்வேலிப் பையன், இந்த வருஷத்துச் சீட்டு, வாயே திறக்காத பிள்ளை, வலது கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு வந்தான். சோற்றைப் பிசைய முடியவில்லை, கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது, நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "என்னய்யா ஆச்சு?" என்றால் வியாழக்கிழமை ப்ராக்டிசில் விழுந்தானாம், யாரிடமும் சொல்லவில்லையாம், அடுத்த கீப்பர் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடாத பிள்ளையாம், இந்த ஒரு நாளை மட்டும் தாண்டிவிட்டால் போதுமாம். "அம்மா, யார்ட்டயும் சொல்லிராதீங்க. கோச் சாருக்குத் தெரிஞ்சா என்னை உக்கார வச்சிருவாங்க. சத்தியம் பண்ணுங்க." பனிமய மாதா மேல் சத்தியம் பண்ணினாள், கையைப் பிடித்துப் பண்ணினாள், கோடாலித் தைலம் தேய்த்துவிட்டாள், பாயசத்துக்கு வைத்திருந்த ஸ்பூனை எடுத்து இடது கையில் கொடுத்தாள், அவன் சின்னப் பிள்ளை மாதிரி அள்ளி அள்ளிச் சாப்பிட்டுவிட்டுப் போனான். தட்டு மேசைமேலேயே கிடந்தது, கழுவக்கூடாதே, ஸ்பூனும் அதிலேயே. லயனல் பூசை முடிந்து டிக்கெட் வாங்கப் போய்விட்டார். பதினொன்றரைக்கு அடுப்படி வாசலில் ஒரு நிழல் விழுந்தது, திரும்பினால் சிவப்பு டிராக்சூட்டில் முவானா, செருப்பை நேராக அடுக்கிவைத்துக்கொண்டிருக்கிறான். "சித்தி, பசிக்கு. எங்க கோச்ட்ட ஒரு மணி நேரம் பெர்மிசன் வாங்கிட்டேன்." அவனே அலமாரியைத் திறந்து தன் தட்டை எடுத்தான், பேரைத் தடவிப் பார்த்தான், பழைய நாற்காலியில் உட்கார்ந்தான். பாறை மீன் வறுவல், கருவாடு, மோர், வைக்க வைக்கச் சாப்பிட்டான். பக்கத்தில் கிடந்த தட்டையும் அதனருகே இருந்த தைலக் குப்பியையும் பார்த்தான். "இந்த வீட்ல யாரு சித்தி ஸ்பூன்ல சாப்பிடுறது?" அவ்வளவுதான் கேட்டான். வெறும் கேள்வி, உப்பு இருக்கா என்று கேட்கிற மாதிரிக் கேள்வி. அவள் மோரை ஊற்றிக்கொண்டே, "பாவம்ப்பா இளமாறனு, வலது தோளத் தூக்கவே முடியல பிள்ளைக்கு, கோச்சுக்குக்கூடச் சொல்லாம ஆட வந்துருக்கான்" என்று சொல்லியே முடித்துவிட்டாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்தச் சிவப்புச் சட்டை கண்ணில் பட்டது. அதுவரை என்ன நிறம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறோம் என்றுதான் இருந்தது. அவன் கருவாட்டை எடுத்துக் கடித்தான். "காரம் சரியா இருக்கு" என்றான்.

அதற்கு என்ன அர்த்தம்? காரம் சரியா இருக்கு என்றால் என்ன அர்த்தம்? கேட்கவில்லை என்று அர்த்தமா, கேட்டுவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொண்டேன் என்று அர்த்தமா? இடைவேளைக்குப் போகும்போது முவானா அவனுடைய கேப்டனிடம் என்னமோ பேசிக்கொண்டே தன் வலது தோளைத் தொட்டான், எமரன்சி பார்த்தாள். வேர்வையைத் துடைத்தானா, இந்தப் பக்கம்தான் அடிக்கணும் என்று காட்டினானா? துடைத்தான். துடைக்கத்தான் செய்தான், வேறென்ன. துடைக்கிறவன் சட்டையைத் தூக்கியல்லவா துடைப்பான்? முதல் பாதியில் ஒரு பந்து வலது பக்கம் உயரமாக வந்தது, இளமாறன் உடம்பையே திருப்பி இடது கையால் குத்தி வெளியே தள்ளினான், "ஸ்டைலப் பாரு இவனுக்கு!" என்று லயனல் விசிலடித்தார், சுற்றி எல்லாரும் கைதட்டினார்கள், அவளுக்கு மட்டும் அந்த இடது கையில் ஸ்பூன் தெரிந்தது. இப்போது அதோ, கொல்லத்துக் கேப்டன் முப்பது மீட்டரிலிருந்து எடுத்து விளாசுகிறான், நேராக வலது மூலைக்கு, இளமாறன் விழுந்தான், கை போகவில்லை, பந்து கம்பிக்கு மேலே நூலிழையில் பறந்து போனது. சொல்லிவிட்டான். சொல்லியே விட்டான். இல்லாவிட்டால் அவ்வளவு தூரத்திலிருந்து அதே மூலைக்கு எதற்கு அடிக்கவேண்டும்? மூலைக்கு அடிக்காமல் கீப்பர் கையிலா அடிப்பார்கள் என்று இன்னொரு புத்தி சொன்னது. அவள் அந்தப் புத்தியை நம்பவில்லை. அப்போதுதான் இன்னொரு விஷயம் நெஞ்சில் வந்து இடித்தது. முவானா சாப்பிட்ட தட்டையும் அவள் கழுவவில்லை. ஐந்து வருஷப் பழக்கம், கை தானாகவே இரண்டையும் மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறது. அட மாதாவே, வாயாலும் கொடுத்தாயிற்று, அதிர்ஷ்டத்தையும் தட்டில் வைத்துக் கொடுத்தாயிற்று. இப்போதே எழுந்து ஆட்டோ பிடித்துப் போய்க் கழுவிவிட்டு வந்தால்? எதைக் கழுவுவது? முவானா தட்டை மட்டும் எடுத்துக் குழாயடியில் வைக்கக் கை வருமா? நினைத்துப் பார்த்தாள், பேர் வெட்டின இடத்தில் தேய்க்கிற சாம்பல் சேரும், அதை விரல் நகத்தால் சுரண்டிக் கழுவுவது வழக்கம். வராது, கை வராது. அவன் நன்றாக ஆடவேண்டும், இவர்கள் தோற்கக்கூடாது, அப்படி ஒரு ஆட்டம் உலகத்தில் உண்டா என்று லயனலிடம் கேட்கலாம், கேட்டால் உனக்கு வெயில் ஏறிவிட்டது என்பார்.

கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று மெல்லத் திரும்பியது, ஹார்பர்க் கரி வாடையும் மீன் வாடையும் பின்வரிசையில் எவனோ பிரித்த மக்ரூன் வாடையும் கலந்து வந்தன, இந்த வாடையில்தான் அவள் பிறந்து வளர்ந்தாள், இருந்தும் இந்த ஊரை ஊராக அவள் பார்த்தது அந்த மழை வருஷத்தில்தான். இரண்டு நாள் விடாமல் கொட்டி, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, போன் இல்லை, லயனலுக்குச் சர்க்கரை ஏறி இறங்கி மயக்கமாகக் கிடக்கிறார், மொட்டைமாடியில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அவள் தெருவைப் பார்த்துக் கத்துகிறாள், பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. அப்போது தெருமுனையில் ஒரு வரிசை தெரிந்தது, நீலச் சட்டைகள், ஒருத்தன் தோளை ஒருத்தன் பிடித்துக்கொண்டு, நெஞ்சுவரை தண்ணீரில். டீம் பஸ்ஸில் அன்றைக்கே மதுரைக்குப் போயிருக்கலாம் அவர்கள், யாரும் போகவில்லையாம், அவனவன் சாப்பாட்டு வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்களாம். முன்னால் அந்த செனகல்காரன், தலையில் பால் கேன், நடுவில் முவானா, வாயில் பிளாஸ்டிக் பை, பையில் லயனலுடைய மாத்திரை. மருந்துச்சீட்டு இல்லாமல் எப்படி வாங்கினாய் என்றால், ஐந்து வருஷமாக ஃபிரிட்ஜ் மேலே அந்த அட்டையைப் பார்க்கிறேனே சித்தி என்றான். மலையில் பிறந்த பிள்ளை, நீச்சல் தெரியாது. அது பிறகுதான் தெரிந்தது, தெரிந்தபோது அவனை ஓங்கி ஒரு அறை அறைந்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இந்தா பக்கத்தில் குதித்துக்கொண்டிருக்கிறாரே இந்த மனுஷன், இவர் இன்றைக்கு நீலத்துண்டோடு குதிப்பது யாரால்? அந்த நன்றி போகுமா, சட்டை நிறம் மாறினால் போகுமா? இவர்கள் ஜெயித்தார்கள், தோற்றார்கள், அதெல்லாம் பேப்பரில் வரும், ஆனால் எங்கிருந்தெல்லாமோ வந்த இந்தப் பிள்ளைகள் இந்த ஊர்ச் சோற்றைத் தின்று இந்த ஊர்த் தண்ணீரில் இறங்கி நடந்தார்களே, அதற்கு ஊர் என்ன செய்துவிட்டது, ஒரு தட்டு வைத்தது, அவ்வளவுதானே. அந்த டீமைத்தான் இன்றைக்கு நான் ஒரு வாய் மோரோடு ஊற்றிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டாள். "எங்கட்டி போற?" என்றார் லயனல். "தண்ணி குடிச்சிட்டு வாரேன்." படிகளில் இறங்கினாள், கோச்சிடம் போய்ச் சொல்லிவிடுவோம், சார், அந்தப் பிள்ளையை வெளியே எடுங்க, தோள் சரியில்லை. எடுப்பார். இளமாறன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வருவான், அவளைத்தான் பார்ப்பான், சத்தியம் பண்ணினீங்களே அம்மா என்று பார்ப்பான். ஒரே நாளில் ஒரே சத்தியத்தை இரண்டு தடவை உடைத்த பெருமை வரும். சொல்லாவிட்டால் அந்த வலது மூலை அப்படியே திறந்துகிடக்கும். சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம், கால் மட்டும் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கம்பிவேலியைப் பிடித்தாள். "சாப்பாட்டு வீட்டு அக்கா, இங்க நிக்கப்படாது" என்றார் காவலுக்கு நின்றவர், குரலில் அதட்டல் இல்லை. கோச் முதுகு பத்தடி தூரத்தில் தெரிந்தது. "சார்" என்றாள். குரல் வந்துவிட்டது, ஒரு வழியாக. "சார்!" கோச் திரும்பக் கழுத்தைத் திருப்பின அதே நேரத்தில் மைதானத்துக்குள் விசில் நீளமாக ஊதியது, ஊரே ஐயோ என்றது.

பெனால்டி. நம்ம பையன் ஒருத்தன் கையில் பந்து பட்டுவிட்டது, எண்பத்தாறாவது நிமிஷம், ரெஃப்ரி வெள்ளைப் புள்ளியைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், சுற்றி நின்று கெஞ்சுகிறார்கள், அவர் காதில் எதுவும் விழவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு வந்தது பதினேழு. வேறு யார் வருவார்கள், அவன்தானே எப்போதும் அடிப்பது. எமரன்சிக்கு அவன் பெனால்டி எல்லாம் மனப்பாடம், ஐந்து வருஷம் கண்ணால் பார்த்தவை, போன ஒரு வருஷம் லயனல் போனில் பார்த்தவை, எல்லாமே ஒரே பக்கம், கீப்பருடைய வலது கைப்பக்கம், தரையோடு. "வேற பக்கம் அடிக்கவே தெரியாதாடா உனக்கு?" என்று லயனல் கேட்டதற்கு, "அந்தப் பக்கம்தான் சித்தப்பா கால் தானா போவும்" என்றான் ஒரு தடவை. கால் தானாகப் போகிற பக்கம், அந்தப் பக்கம்தான் கை வராத பக்கம். கடவுள் வேண்டுமென்றேதான் செய்கிறார். இனி சொல்லி என்ன, கோச் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் யாரென்று நினைவு வந்து கையைக் காட்டிவிட்டு மறுபடி மைதானத்தைப் பார்த்தார். முவானா பந்தைப் புள்ளியில் வைத்தான், செருப்பை அடுக்குகிற மாதிரி நேராக வைத்தான், இரண்டு தடவை தள்ளிச் சரிபண்ணினான். இளமாறன் கோட்டில் நின்று இடது கையை மட்டும் அகலமாக விரித்தான், வலது கை பாதியில் நின்றது, காலரியில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரியும். ஊர் வாயை மூடிக்கொண்டது. இருபதாயிரம் பேர் இருக்கிற இடத்தில் துறைமுகத்துக் கிரேன் மணி கேட்டது. பெனால்டி அடிக்கிறவர்கள் பார்க்கிற மாதிரி முவானா பந்தைப் பார்க்கவில்லை, இளமாறனுடைய வலது தோளைப் பார்த்தான், நன்றாக, ஒரு மூச்சு நேரம் பார்த்தான், அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடிப்பா, என்ன செய்யணும்னு உனக்குத் தோணுதோ அடி, சித்தி உன்ன ஒண்ணும் சொல்லமாட்டேன், என் வாயத்தான் சொல்லணும் என்று முணுமுணுத்தாள், மனசாரத்தான் சொன்னாள், இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ஓடி வந்தான். அடித்த சத்தம் பலகை உடைகிற மாதிரிக் கேட்டது, மெத்தனமாக அடித்தான் என்று எந்தக் கொல்லத்துக்காரனும் நாக்கில் பல்லைப் போட்டுச் சொல்ல முடியாது, இருந்த பலம் மொத்தத்தையும் போட்டு அடித்தான். இடது பக்கம். கீப்பருடைய நல்ல கைப்பக்கம். வேறு பக்கம் விழவே முடியாத இளமாறன் அந்தப் பக்கம்தான் விழுந்தான், விரல் நுனி பட்டது, பந்து கம்பத்தில் டங்கென்று மோதி, கோட்டுக்கு வெளியே போய், விளம்பரப் பலகையில் இடித்துவிட்டுச் சாதுவாக நின்றது.

அதற்கப்புறம் நடந்தது எதுவும் அவள் கண்ணில் ஒழுங்காக விழவில்லை, எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி அலைந்தது. யாரோ அவளைக் கட்டிப்பிடித்தார்கள், காவலுக்கு நின்றவர் தொப்பியை மேலே எறிந்தார், மிச்ச நிமிஷங்கள் போயின, கடைசி விசில் ஊதியது, டிரா, டீம் ஊரில்தான், ஊரில்தான் என்று எவனோ மைக்கில் அழுதுகொண்டே கத்தினான். லயனல் எப்படியோ படியிறங்கி வந்து சேர்ந்துவிட்டார், நீலத்துண்டு முழுக்க அவர் கண்ணீரும் மூக்குச்சளியும். "பாத்தியாட்டி நம்ம இளமாறன? காலமெல்லாம் வலது பக்கமே அடிக்கிறவன் இன்னைக்கு மாத்துவான்னு எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு? மூளட்டி, மூளை!" என்றார். அவள் தலையை ஆட்டினாள். இளமாறனைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள், அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான், பிள்ளை, தங்கப் பிள்ளை. அந்தப் பக்கம் சிவப்புச் சட்டைக்காரர்கள் தலைகுனிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், கொல்லத்துக் கோச் கையை ஆட்டி ஆட்டி முவானாவை என்னமோ கேட்டார், அவன் நின்று கேட்டுக்கொண்டான், திட்டு வாங்குகிறானே, மாதாவே, அவனுக்கு ஒரு குறையும் வரக்கூடாது, அவன் தங்கச்சி படித்து முடிக்கட்டும், அவன் கால் எங்கே போனாலும் நன்றாக இருக்கட்டும் என்று உதடு அதுவாக அசைந்தது. பிறகு அவன் உள்ளே போகாமல் கோட்டோரமாக நடந்து நேரே வேலிப்பக்கம் வந்தான். அவள் கம்பி வழியாகக் கையை நீட்டினாள், வேர்த்து வழிகிற கையால் அவன் பிடித்துக்கொண்டான். "முவானா, காலையில நான் தெரியாம..." என்று ஆரம்பித்தாள். "சித்தி, கருவாடு கொஞ்சம் கட்டி வைங்க, பஸ் எட்டு மணிக்குத்தான்" என்று அவன் குறுக்கே சொன்னான், லயனலைப் பார்த்து, "சித்தப்பா, சுகர் மாத்திரை போட்டீங்களா?" என்றான். கையை விட்டுவிட்டு இரண்டடி போனான், என்னமோ மறந்துபோனவன் மாதிரித் திரும்பி வந்தான். "அவன நாளைக்கே டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போங்க சித்தி. தைலம் பத்தாது" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான். லயனல் ஒரு காதைத் தேய்த்துக்கொண்டே, "என்ன சொல்லுதான்? யாருக்கு டாக்டர்?" என்றார். எமரன்சி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சொல்லவேண்டியதை மட்டும் சொன்னாள். "வாங்க வீட்டுக்குப் போவோம். ரெண்டு தட்டு கழுவாமக் கிடக்கு."